யாரைத் தேடுகிறது கடன்?

வீட்டுக் கடன் விற்பவரின் வேலை இன்று கணினித் திரையில் சில கட்டங்களை நிரப்புவதில் தொடங்குகிறது. அஞ்சல் குறியீட்டு எண், வயது, மாத வருமானம், வேலை பார்க்கும் நிறுவனத்தின் வகை, கடன் மதிப்பெண், ஏற்கெனவே கட்டிவரும் தவணை, சொந்த வீடா வாடகை வீடா என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்தால், பெயரும் கைபேசி எண்ணும் கொண்ட பட்டியல் ஒன்று வந்து நிற்கும். அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘லீடு’ என்கிறார்கள். கடன் வழங்கப்பட்டால் தொகையில் ஒரு விழுக்காடு தரகாக முகவருக்குப் போகும் என்பதால், எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் விரைவாகக் கடன் முடியும் என்பதே அவருடைய தொழில் நுட்பம். இதை வெறும் விற்பனை உத்தியாகவே நாம் பார்த்துவருகிறோம். யாரைத் தேடுவது, யாரைத் தேடாமல் விடுவது என்று தீர்மானிக்கும்போதே கடன் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவில் பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது. மீதிப் பாதிக்கு, அதாவது விண்ணப்பம் வங்கி மேசைக்கு வந்த பிறகு நடப்பவற்றுக்கு, விதிகள் நிறைய இருக்கின்றன. முதல் பாதிக்கு இந்தியாவில் அநேகமாக ஒரு விதியும் இல்லை. அந்த இடைவெளி யாரை எப்படிப் பாதிக்கிறது என்பதை ராமநாதபுரம் கடற்கரையில் தெளிவாகக் காணலாம்.

கீழக்கரையின் அஞ்சல் குறியீட்டு எண் 623517. ராமேசுவரத்தினுடையது 623526. இரண்டும் ஒரே மாவட்டத்தின் கடலோர ஊர்கள். கீழக்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவது தலைமுறைகளாக நடப்பது. லிங்க்ட்இன் போன்ற தளங்கள் விற்பனையாளர்களுக்குக் கட்டணத்துக்குத் தரும் தேடல் வசதியில் பதவி, நிறுவனம், வசிக்கும் நகரம், அண்மையில் வேலை மாறினாரா என்பது வரை சலித்தெடுக்க முடியும். துபாயில் பணிபுரியும் கீழக்கரைப் பொறியாளர் அந்தத் தேடலில் முதல் பக்கத்திலேயே வந்துவிடுவார். ஊரில் வீடு கட்ட அவருக்குக் கடன் தர ஒன்றுக்கு நான்கு நிறுவனங்கள் போட்டி போடும். ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ விசைப்படகில் தொழிலுக்குப் போகும் ஒருவர் இந்த வகைத் தேடல் எதிலும் வரமாட்டார். அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்குதான் வருமானம். வருமான வரிக் கணக்கு கிடையாது. நிறுவனத்தின் பெயர் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் கிடையாது. கடன் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை போகும் அளவுகோல். ஆனால் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் வரலாறே இல்லாதவருக்கு அதில் இடமே இல்லை. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவருக்கே கொடுத்து, இருபது ஆண்டுகளாக ஒழுங்காகக் கழித்துவரும் கடன் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

வருமானம் ஒரு பக்கம் இருக்க, நிலம் இன்னொரு பக்கம். வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்பவை மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, வரைபட அனுமதி, வழக்கறிஞரின் சட்டக் கருத்து. கடலோரக் குடியிருப்புகளில் பலர் இருப்பது புறம்போக்கில். நத்தத்தில் இருப்பவர்களிலும் தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். 2019 அறிவிக்கை மீனவர் குடியிருப்புக்கு இடம் தந்திருந்தாலும், அனுமதிக்கான கடிதப் போக்குவரத்து வங்கி அதிகாரியைத் தயங்க வைக்கும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் இன்றும் குடிசைகளில் வாழ்கின்றன. அந்த மண்ணை எந்த வங்கியும் பிணையாக எழுதிக்கொள்ளப் போவதில்லை. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் வெளியிட்ட அறிவிப்புகளில் வீட்டுமனைப் பட்டாவும் ஒன்றாக இருந்தது என்பதே, பட்டா இங்கு எவ்வளவு பெரிய குறை என்பதைச் சொல்லும்.

இந்த மக்களைப் பற்றித் தரவே இல்லை என்று கடன் நிறுவனங்கள் சொன்னால் அது உண்மையல்ல. ராமேசுவரத்திலிருந்து ஒரு விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமானால் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள்களில் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. எந்தப் படகு எந்தத் தேதியில் போனது என்பது அரசு அலுவலகத்தில் பதிவாகிறது. மானிய டீசல் எத்தனை லிட்டர் வாங்கப்பட்டது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ரூ.8,000 நிவாரணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அதற்காகவே சரிபார்க்கப்பட்ட குடும்பப் பட்டியல் இருக்கிறது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவப் பெண்கள் செலுத்தும் பங்குத்தொகைக்கு ஏடு இருக்கிறது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியல், நல வாரியப் பதிவு, படகின் பதிவுச் சான்று என்று இந்தக் கரையில் ஒரு குடும்பத்தின் பையைத் திறந்தால், நகரத்தில் கடை வைத்திருப்பவரிடம் இருப்பதைவிட அதிகக் காகிதங்கள் இருக்கும். அவை ஒன்றுகூட வீட்டுக் கடன் தேடல் திரையில் ஒரு கட்டமாக இல்லை. சம்பளம் வாங்கும் நகரத்து மனிதரை மனத்தில் வைத்து ஒருவர் வடிவமைத்த திரை அது. அதில் இல்லாத மனிதரைக் கடன் பெறத் தகுதியற்றவர் என்று நாம் வாசித்துவிடுகிறோம்.

வீட்டுக் கடன் தேடலில் அகப்படாத இதே குடும்பங்கள் வேறு சில தேடல்களில் தவறாமல் அகப்படுகின்றன என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. தடைக்காலத்தில் வருமானம் நிற்கிறது. அது முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. படகைப் பழுது பார்க்கும் செலவும் அப்போதுதான் வருகிறது. பணம் தேவைப்படும் மாதம் எது என்பதை இங்கே கடன் விற்கும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் நகை அடகுக்குப் போகிறது. அடுத்து, பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் நுண்கடன்; ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குப் பிணையில்லாமல் தரப்படுவது. கையில் பத்திரம் இருக்கும் சிலருக்கு ‘லேப்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சொத்து அடமானக் கடன். இது வீடு கட்ட அல்ல, கட்டிய வீட்டை வைத்துப் பணம் எடுக்க. வீட்டுக் கடனைவிட வட்டி கூடுதல். தவணை தவறினால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதன் பிறகு வீடு ஏலத்துக்கு. ஒத்திக்கு வீட்டை விட்டுப் பணம் வாங்கும் பழைய முறையில் திருப்பிக் கொடுக்கும் வரை வாடகை இழப்புதான் வட்டி. வீடு கைவிட்டுப் போகும் அச்சம் அதில் குறைவு. ஆக, குடும்பத்தை ஒரு படி மேலே ஏற்றக்கூடிய நீண்ட காலக் கடன் அவர்களைத் தேடி வருவதில்லை. நெருக்கடியில் வாங்கும் விலை கூடிய கடன் தேடி வருகிறது. இரண்டையும் தீர்மானிப்பது சலித்தெடுக்கும் கட்டங்கள்தான்.

அந்தக் கட்டங்களுக்குத் தேவையான தகவல் எங்கிருந்து கிடைக்கும்? அரசின் ஏடுகளே ஒரு வழி. தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டால் அந்தச் சொத்தின் மேல் எந்த நிறுவனத்தில் எவ்வளவு கடன், கடன் தீர்ந்து ரசீது ஆவணம் பதிவானதா என்பது தெரிந்துவிடும். அடமானங்களுக்கான மத்திய பதிவகமான செர்சாய் 2011 முதல் இயங்குகிறது. சிறு கட்டணத்தில் அங்கும் தேடலாம். வாங்குபவர் ஏமாறாமல் இருக்க ஏற்பட்ட ஏற்பாடுகள் இவை. ஆனால் கடன் தீர்ந்த பத்திரம் எது என்று மொத்தமாகத் தேடத் தெரிந்தவருக்கு, மறுபடியும் அடகு வைக்கத் தோதான வீடுகளின் பட்டியலை இதே ஏடுகள் கொடுத்துவிடும்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிற சட்டங்கள் எந்தக் கட்டத்தில் நுழைகின்றன என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 செப்டம்பர் எண்மக் கடன் வழிகாட்டுதல்கள் செயலிகள் கைபேசியின் தொடர்பு எண்களைத் துழாவுவதைத் தடுத்தன. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் முழுச் செலவையும் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கை கட்டாயம். 2025 மே மாத விதிகள் இன்னும் ஒரு படி போய், பல நிறுவனங்களின் கடனை விற்கும் இடைநிலையாளர், ஒரே நிலையில் உள்ள விண்ணப்பதாரர்களை ஒரே விதமாக நடத்த வேண்டும், பொருத்தும் முறையை எழுதிவைக்க வேண்டும் என்று சொல்கின்றன. மிக நல்ல விதி; ஆனால் வாடிக்கையாளர் தாமாக வந்து கடன் கேட்ட பிறகுதான் அது உயிர்பெறுகிறது. தமிழ்நாடு 2025-ல் கொண்டுவந்த சட்டம் கட்டாய வசூலைத் தண்டிக்கிறது. அது கடனின் கடைசிக் கட்டம். 2003-ல் ரிசர்வ் வங்கி வகுத்த நியாய நடைமுறை நெறி, கடன் தருவதில் பாலினம், சாதி, மதம் பார்க்கக் கூடாது என்கிறது. ஊரும் தொழிலும் அந்த வரியில் இல்லை. கடன் விற்பனையில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்று சில பகுதிகளை ஒதுக்கிவைக்கும் பழக்கத்துக்கு அந்த மௌனமே போதுமானதாகிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சட்டக் கடமையின்படி பொதுவெளியில் வைக்கப்பட்ட தகவலுக்குப் பொருந்தாது என்று தானே விலக்கு அளிக்கிறது. பதிவுத் துறை ஏட்டிலிருந்து ஒருவர் பட்டியல் தயாரித்தால், தரவுக்கு உரியவரின் ஒப்புதல் வாங்கவில்லை என்று இந்தச் சட்டத்தின் கீழ் முறையிடுவது கடினம்.

அமெரிக்கா இந்தப் பாடத்தை அதிக விலை கொடுத்துக் கற்றது. 1930-களில் அரசு அமைப்பு ஒன்று நகரங்களின் வரைபடத்தில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பாகத் தீட்டி, அங்கே வீட்டுக் கடன் ஆபத்து என்று குறித்தது. 1968-ல் நியாய வீட்டுவசதிச் சட்டம் அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் 2016-ல் புரோபப்ளிகா இதழியல் அமைப்பு ஃபேஸ்புக்கில் வீட்டு விளம்பரம் கொடுத்துப் பார்த்தபோது, இன அடிப்படையில் ஆட்களை விலக்கும் கட்டம் அங்கே தயாராக இருந்தது. சிவப்பு மை திரைக்கு மாறியிருந்தது. 2019-ல் செய்துகொண்ட சமரசத்தின்படி வீடு, வேலை, கடன் விளம்பரங்களில் வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய கட்டங்களை ஃபேஸ்புக் எடுக்க வேண்டியதாயிற்று. 2022-ல் அந்நாட்டு நீதித் துறையுடன் இன்னொரு சமரசம். விலக்குவதில் மட்டுமல்ல, குறிவைப்பதிலும் அநீதி உண்டு என்பதற்கும் அங்கே சான்று இருக்கிறது. நல்ல கடனுக்குத் தகுதியிருந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களை வட்டி கூடிய கடனுக்குத் தள்ளியதாக எழுந்த வழக்குகளில் கன்ட்ரிவைடு நிறுவனம் 2011-ல் 33.5 கோடி டாலருக்கும், வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2012-ல் 17.5 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. ஒருவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த செய்தியையே மற்ற நிறுவனங்களுக்குக் கடன் தகவல் நிறுவனங்கள் விற்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் அந்நாட்டு அதிபர் கையெழுத்திட்டது 2025 செப்டம்பரில். தேடலும் கடன் முடிவின் பகுதிதான் என்பதை அங்கே சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

வங்கி தர்ம ஸ்தாபனம் அல்ல, வைப்பாளர்களின் பணத்துக்கு அது காவலாளி, ஆபத்தைச் சலித்தெடுப்பது அதன் கடமை என்பது வலுவான மறுப்பு. இந்தக் கரையில் அதற்குக் கூடுதல் வலுவும் இருக்கிறது. 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. பிடிபட்ட படகுகள் நாட்டுடைமையாகின்றன. இன்று பிணையாக இருக்கும் சொத்து நாளை யாழ்ப்பாணத்துக் கரையில் மக்கிக்கொண்டிருக்கும் என்றால் எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? நியாயமான கேள்வி. ஆனால் இது படகுக் கடனின் ஆபத்து; அதை வீட்டுக் கடனுக்கும், நாட்டுப்படகுக்காரருக்கும், பாசி எடுக்கும் பெண்ணுக்கும், மொத்தத்தில் ஓர் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் சேர்த்து ஏற்றுவது சோம்பலான கணக்கு. ஆபத்தை அளப்பதாக இருந்தால் டோக்கன் கணக்கைப் பார்த்து அளக்கலாம். அளக்காமலே ஒதுக்குவதற்கு ஆபத்து மேலாண்மை என்று பெயர் வைக்க முடியாது. தமிழ்நாடு அரசு இழுவலையின் கண்ணளவை 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் விதித்திருப்பது, வலை எதைப் பிடிக்கிறது எதை விடுகிறது என்பது படகுக்காரரின் சொந்த விவகாரம் மட்டுமல்ல என்பதால்தான். கடன் வலையின் கண்ணளவையும் அப்படிப் பார்க்கத் தடை ஏதுமில்லை.

அரசு மானியம் கொடுத்தால் கடன் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே ஒரு முறை சோதிக்கப்பட்டது. 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் பிரதமர் தொடங்கிவைத்த ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டத்தில் ஒரு படகின் விலை ரூ.80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, மீனவர் 10 விழுக்காடு, மீதி 20 விழுக்காடாகிய ரூ.16 லட்சம் வங்கிக் கடன். மூன்றாண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அதன் அருகேகூடத் திட்டம் போகவில்லை. காரணங்கள் பல, அவற்றில் வங்கிக் கடன் பகுதியும் ஒன்று. விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்ற பிறகும், மீனவரை மதிப்பிடும் முறை பழைய முறையாகவே இருந்ததால் அந்தக் கடைசிப் பங்கு பெரும் தடையாயிற்று.

இன்னொரு மறுப்பை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஏற்கெனவே கடனில் இருக்கும் குடும்பங்களைத் தேடிப்போய் இன்னும் கடன் கொடுக்கச் சொல்கிறாயா, தேடலில் அகப்படாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பல்லவா என்பது அது. கடனே இல்லாத நிலைக்கும் கடனுக்கும் இடையே தேர்வு இருந்தால் இந்த வாதம் சரி. இங்கே அந்தத் தேர்வு இல்லை. நகை அடகுக் கடையிலும் குழுக் கடனிலும் வியாபாரியின் முன்பணத்திலும் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் மீனின் விலையையே அவர் கையில் கொடுத்துவிடுகிறது; அதன் வட்டி ஏட்டில் தெரியாது, ஏலத்தில் தெரியும். 2018-19 முதல் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டையில் உரிய நாளில் கட்டினால் வட்டி 4 விழுக்காடு. அந்தக் கடனை வீடு வீடாக விற்க எந்த முகவரும் வருவதில்லை, அதில் தரகு இல்லை. ஆகவே கேட்க வேண்டியது எந்தக் கடன் அவர்களைத் தேடி வருகிறது என்பதைத்தான்.

வில்லங்கச் சான்றை மூடிவிட வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மூடினால் முதலில் ஏமாறுவது நிலம் வாங்கும் ஏழைதான். ஒரு சர்வே எண்ணைத் தேடுபவருக்குத் திறந்திருக்கட்டும். ஆயிரம் எண்களை இயந்திரம் வைத்து அள்ளுபவருக்குக் கதவு அடைக்கட்டும். ரிசர்வ் வங்கி செய்ய வேண்டியதும் புதிதல்ல: 2025 விதிகளில் விண்ணப்பதாரரைப் பொருத்தும் முறைக்குச் சொன்ன அதே ஒழுங்கை ஆள் தேடும் முறைக்கும் நீட்டி, எந்த அளவுகோல்களைக் கொண்டு எந்தப் பகுதியினர் தேடப்பட்டார்கள், எவர் விலக்கப்பட்டார்கள் என்று எழுதிவைத்து ஆய்வுக்குக் காட்டச் சொல்லலாம். நியாய நடைமுறை நெறியின் வரியில் வசிப்பிடத்தையும் தொழிலையும் சேர்க்கலாம்.

மாவட்ட அளவில் காத்திருக்கவே தேவையில்லை. ஆட்சியர் தலைமையில் முன்னோடி வங்கி கூட்டும் மாவட்ட ஆலோசனைக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறது. 2018 முதல் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கும் ராமநாதபுரத்தில் அந்தக் குழுவுக்குக் கூடுதல் பொறுப்பும் இருக்கிறது. மீன்வளத் துறையின் டோக்கன், டீசல், நிவாரணப் பதிவுகளை, உரிய மீனவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு மட்டும், வருமானச் சான்றாக ஏற்கும்படி வங்கிகளைக் கேட்கலாம். புதிதாகப் பட்டா வழங்கப்படும் ஊர்களில் வருவாய்த் துறை முகாம் நடக்கும் நாளிலேயே வங்கி அதிகாரியும் வீட்டுக் கடன் படிவத்தோடு உட்காரலாம்; பட்டா கைக்கு வந்த வாரத்தில் அடமானக் கடன் முகவர் வந்து நிற்பதற்கு முன் அது நடக்க வேண்டும். தவணை அட்டவணையை 61 நாள் தடைக்காலத்தை விட்டு, படகு கடலுக்குப் போகும் பத்து மாதங்களில் பிரித்து எழுதலாம். அடுத்த தடைக்காலத்துக்குப் பயன்பட வேண்டுமானால், ஏப்ரல் 15-க்கு முந்தைய காலாண்டுக் கூட்டத்தின் பொருள் நிரலிலேயே இதை ஏற்றியாக வேண்டும்.